முள் பொய் சொல்கிறதா, எஞ்சின் கொதிக்கிறதா? பழைய வண்டியின் ஹீட் மீட்டருக்கு எந்த வழி நல்லது

ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டால் எந்த டிரைவரும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். அதே முள் எழும்பாமல் கீழேயே கிடந்தால், "மீட்டர் போயிருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மேலே போய்க்கொண்டே இருப்பார். முதலாமவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஹெட் கேஸ்கட் எரிந்து, ஹெட் வளைந்து, லேத்துக்குப் போன வண்டிகளைப் பற்றி கராஜ்களில் விசாரித்தால் இரண்டாமவரின் கதைதான் அதிகம் காதில் விழுகிறது.

இலங்கையின் இந்த மலைப் பக்கம் பழைய வண்டிகள் ஏன் இன்னும் இத்தனை ஓடுகின்றன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது, அதுவும் நம்மில் பலருக்கு எட்டாத விலையில். ஆகவே லைட்ஏஸும் டொல்பின் வேனும் எல்ஃப் லொறியும் தோட்டத்து டிராக்டரும் இன்னும் சில காலம் ஏறி இறங்கத்தான் போகின்றன. அவற்றின் மீட்டர்களும் அவற்றோடு சேர்ந்து கிழடாகின்றன.

முள் கோளாறு செய்தால் முன்னால் நிற்கும் வழிகள் பல. எஞ்சினின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சரை மாற்றிப் பார்க்கலாம். வயரைத் தொட்டுச் சோதிக்கலாம். மீட்டர் போர்டைக் கழற்றி எலக்ட்ரிசியனிடம் கொடுக்கலாம். கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிப் பழைய போர்டு ஒன்றை வாங்கலாம். அல்லது வண்டியோடு வந்த மீட்டரை மறந்துவிட்டுத் தனி மீட்டர் ஒன்றைப் பூட்டலாம். எது நல்லது என்பது வண்டியைப் பொறுத்தது, அதைவிட அது ஓடும் பாதையைப் பொறுத்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தி ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்.

உண்மையில் எவ்வளவு சூடு?

மீட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன், எஞ்சினின் சூட்டை மீட்டர் இல்லாமல் வேறொரு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இன்று இலகுவான சாமான், துப்பாக்கி மாதிரிப் பிடித்து அழுத்தினால் சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்த ரகம். ஆனால் நெற்றிக்குப் பிடிப்பது எஞ்சினுக்கு உதவாது, வேலைத்தளங்களுக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி நிற்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இருக்கும் உறைக்கு நேரே, கிட்டக் கொண்டுபோய்ப் பிடியுங்கள். உறை பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் கருவி நிஜத்தைவிட நன்றாகக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டைக் கொஞ்சம் பூசி, காய்ந்த பிறகு அதற்கு நேரே பிடித்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

கருவி இல்லையென்றால் கை இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடிச் சூடான பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் கை வைக்க முடியாது, அது இயல்பு. ஃபேனிலிருந்து சேர்ட் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு தொடுங்கள். முள் பூச்சியத்தில், ஹோஸ் கொதியில் என்றால் பழுது மீட்டர் பக்கம். முள் பூச்சியத்தில், ஹோஸும் வெதுவெதுப்பு என்றால் அவசரப்பட வேண்டாம். முள் உண்மையைச் சொல்கிறது என்பதற்கு இடமிருக்கிறது.

மலையில் இது அடிக்கடி நடக்கும். "ஹீட் ஆகாம இருக்கட்டும்" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிடும் பழக்கம் நம் கராஜ்களில் பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி டிசம்பர் இரவில் நானுஓயாவிலிருந்து இறங்கும்போது முள் தானாகக் கீழே விழும். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையில்லை, வெளியே குளிர், தண்ணீரோ தடையில்லாமல் ரேடியேட்டருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் சூடே ஏறாமல் டீசலைக் குடிக்கும். வண்டிக்காரர் மீட்டரைத் திட்டுவார். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும்படி அமைந்த எஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். ஏற்றத்தில் சூடு குறைவதற்குப் பதில் கூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை நான் எந்தப் பழுதுக்கும் வைத்தியமாக ஒப்புக்கொள்வதில்லை.

உயரத்தின் கணக்கும் இங்கேதான் வருகிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் அது குறைந்துகொண்டே வரும். ஹட்டனில் 96ஐ ஒட்டி, 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94ஐ ஒட்டி. ரேடியேட்டர் மூடி நல்ல நிலையில் இருந்தால் இது பெரிய விஷயமில்லை. பல ஜப்பான் வண்டிகளின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும், அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் நுவரெலியாவிலும் 115 பாகை வரை தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் 94லேயே குமுறும். தெர்மோஸ்டாட் திறப்பது பெரும்பாலும் 82 அல்லது 88 பாகையில். 88 போட்ட வண்டியில் வேலைச் சூட்டுக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஆறு பாகை. அந்த ஆறு பாகைக்குள் பல மீட்டர்களின் முள் நடுவிலிருந்து அசையவே அசையாது, ஏனென்றால் எழுபது சொச்சத்திலிருந்து நூறு வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்ட மீட்டர்கள் நிறைய. டிரைவர் பதறக் கூடாது என்று கம்பனிக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. ஆக முள் நடுவில், தண்ணீர் ரேடியேட்டருக்கு வெளியே என்று ஒரு நிலை வந்தால் மீட்டரைத் தொடுவதற்கு முன் மூடியை மாற்றுங்கள். ஊற்றும் பழுதுகளிலேயே மலிவான பழுது அது.

காசில்லாத சோதனைகள்

சூட்டை வேறு வழியில் பார்த்தாயிற்று, பழுது மீட்டர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. இனி சாமான் வாங்கப் போவதற்கு முன் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். இவற்றுக்கு அரை மணித்தியாலம் போதும்.

ஹட்டன் பக்கத்து வயதான ஓட்டோ எலக்ட்ரிசியன் ஒருவர், புதுச் சென்சரைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பொடியன்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, டீசல் முள்ள பாத்தியா?" பலர் விழிப்பார்கள். "ஹீட் மீட்டர்தாண்ணே பழுது, டீசல் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். "நல்லா இருக்கா, கூடக் காட்டுதா? நேத்து எவ்வளவு அடிச்ச, இன்னைக்கு முள்ளு எங்க நிக்குது?" அவர் கேள்வியில் விஷயம் இருக்கிறது. அறுபதுகளுக்குப் பிந்திய பிரித்தானிய வண்டிகளிலும் பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றிலும் எரிபொருள் முள்ளுக்கும் ஹீட் முள்ளுக்கும் ஒரே சிறிய வோல்ட் ரெகுலேட்டர்தான் கரண்ட் கொடுக்கிறது. பிரித்தானிய வண்டிகளில் அது சராசரி 10 வோல்ட், ஜப்பானியவற்றில் இன்னும் குறைவு. அது கெட்டு முழு பற்றரி வோல்டையும் விட்டுவிட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து கூடக் காட்டும். அது செத்துப்போனால் இரண்டும் சேர்ந்து விழும். இரண்டும் ஒரே பக்கம் பிசகினால் சென்சர் நிரபராதி. ஒன்று மட்டும் பிசகினால்தான் சென்சர், அதன் வயர், அல்லது அந்த ஒரு மீட்டர்.

அடுத்தது இரவுச் சோதனை. எஞ்சின் ஒரே சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட் லைட்டையும் வைப்பரையும் போடுங்கள். முள் உடனே நகர்ந்தால் அது சூடு இல்லை, எர்த் கோளாறு. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டி துருவேறியிருக்கும், அல்லது மீட்டர் போர்டின் பின்னாலுள்ள எர்த் வயர் தளர்ந்திருக்கும். மலையின் மூடுபனியும் ஓயாத ஈரமும் இந்த இணைப்புகளைத் தின்றுவிடுகின்றன. சாணைத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்கி இறுக்கினால் வேலை முடிந்தது.

மூன்றாவது, வயர்ச் சோதனை. லைட்ஏஸ் மாதிரி வண்டிகளில் முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். தெர்மோஸ்டாட் உறைக்குக் கிட்ட, பித்தளை உடம்போடு, தலையில் ஒற்றை வயர் மாட்டியிருப்பதுதான் பெரும்பாலும் மீட்டரின் சென்சர். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து வயரின் உறை கறுத்து விறைத்திருக்கும், வளைத்தால் நொறுங்கும். கிளிப்பை மெதுவாக அசைத்துக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி. சில வேளை அந்தப் பச்சையைச் சுரண்டி மறுபடி மாட்டினாலே முள் உயிர் பெற்றுவிடும்.

வயரைக் கழற்றி, சாவியை ஓன் செய்து பாருங்கள். முள் கீழே கிடக்க வேண்டும். வயரின் நுனியை எஞ்சின் உடம்பில் தொட்டுப் பிடியுங்கள். முள் மேலே போக வேண்டும். பழைய ரக மீட்டரில் அது ஆறுதலாக ஏறும், விநாடிகள் எடுக்கும், பதறாமல் பாருங்கள். நடுவைத் தாண்டியதும் வயரை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டருக்குள் இருக்கும் சுருள் கருகிப் போகலாம். இப்படி ஏறி இறங்கினால் மீட்டரும் வயரும் சரி, பழுது சென்சரில். வயரைத் தொட்டும் முள் அசையாவிட்டால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பியூஸ், அல்லது மீட்டர். வயரைக் கழற்றிய பிறகும் முள் மேலேயே நின்றால் வயர் எங்கோ உரசி உடம்பைத் தொடுகிறது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்திலேயே வேறு சென்சர்களும் இருக்கும். டீசல் எஞ்சினில் குளோ பிளக் டைமருக்குத் தனியாக ஒன்று, மின் ஃபேன் உள்ள வண்டியில் ஃபேன் சுவிட்ச், இன்ஜெக்ஷன் பெற்றோல் எஞ்சினில் கம்பியூட்டருக்கு இரட்டை வயர் சென்சர். இரட்டை வயர்க்காரரை எர்த்தில் தொட்டு விளையாட வேண்டாம்.

சென்சரை மாற்றிப் பார்ப்பது

பெரும்பாலானோர் முதலில் எடுக்கும் வழி இது. நான் இதை மூன்றாவதாக வைக்கிறேன். சாமான் மலிவுதான், ஆனால் ஊகத்துக்கு வாங்கும் சாமான் எதுவும் மலிவில்லை. மேலே சொன்ன வயர்ச் சோதனை சென்சரைக் காட்டிக்கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. சூடு கூடக் கூட இந்தச் சென்சரின் மின்தடை குறையும், அதுதான் அதன் வேலை. குளிரில் நூற்றுக்கணக்கான ஓம், சில வண்டிகளில் ஆயிரத்துக்கும் மேல். நன்றாகச் சூடானால் பத்துகளுக்கு இறங்கிவிடும். கழற்றிய சென்சரின் பித்தளைப் பகுதியைச் சுடுதண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தலையிலும் மற்றதை உடம்பிலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடாக ஆகக் கணக்கு சீராக இறங்கினால் சென்சர் நல்லது. இடையில் குதித்தால், அல்லது அசையாமல் நின்றால், கெட்டது. கம்பனி தந்த அட்டவணையில் 100 பாகைக்கு இத்தனை ஓம் என்று போட்டிருந்தால், உங்கள் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் 100 இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நுவரெலியாக் குசினியில் 94தான். அந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல சென்சரைக் குப்பையில் போட்டுவிடலாம்.

வாங்கும்போது மரை மட்டும் பொருந்தினால் போதாது. ஒரே மரையில் வெவ்வேறு மின்தடைக் கணக்குள்ள சென்சர்கள் விற்பனைக்கு இருக்கின்றன. மாறிப் போட்டால் வண்டி குளிர்ந்திருந்தாலும் முள் முக்காலில் நிற்கும், அல்லது கொதித்தாலும் கால்வாசியில் நிற்கும். இரண்டாவது வகை ஆளைக் கொல்லும் வகை. எஞ்சின் இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பூட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்ற வேண்டாம். ஒற்றை வயர் சென்சர் எர்த் எடுப்பது அந்த மரை வழியாகத்தான். டேப் நடுவில் புகுந்தால் புதுச் சென்சரும் குறைத்துத்தான் காட்டும்.

பூட்டிய பிறகு காற்று எடுக்காமல் விட்டால் இன்னொரு வினை. சென்சரின் நுனி தண்ணீரில் நனைந்தால்தான் அது உண்மை சொல்லும். நுனியைச் சுற்றிக் காற்றோ ஆவியோ நின்றால் எஞ்சின் கொதித்தாலும் முள் கீழே கிடக்கும். ஆரம்பத்தில் சொன்ன "மீட்டர் போயிருச்சு" டிரைவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஹோஸ் ஒழுகி, தண்ணீர் இறங்கி, சென்சர் வெறுமையில் தொங்கும், முள் விழும், அவர் மீட்டர் பழுது என்பார். எனவே ஓடிக்கொண்டிருக்கும்போது முள் சட்டென்று விழுந்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் போக வேண்டும். காற்று எடுக்க நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. மூக்கு மேட்டைப் பார்க்க வண்டியை நிறுத்தி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றிலும் உயரமாக வரும்படி செய்து, ஹீட்டர் உள்ள வண்டியில் அதையும் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் ஓடவிட்டு மெல்ல மெல்ல ஊற்றலாம். மேட்டுக்குப் பஞ்சமா நமக்கு?

ஊற்றுவது பீலித் தண்ணீராக மட்டும் இருக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. அவசரத்துக்குச் சரி. வருடக்கணக்காக அதுவே என்றால் உள்ளே துரு படியும், சென்சரின் நுனியிலும் படியும், முள் சோம்பேறியாகும். கூலண்ட் குளிர் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். துருவைத் தடுப்பதும் அதன் பாதி வேலை.

மீட்டர் போர்டைத் திறப்பதா, பழையது வாங்குவதா

சோதனையில் மீட்டர்தான் பழுது என்று வந்தால் இந்த இரண்டு வழிகள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: முதலில் திறந்து பார்ப்பது.

போர்டின் முதுகில் வயர்களுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கோடு ஓடும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மீட்டரைப் பிடிக்கும் சின்ன நட்டுகள் வழியாகத்தான் கரண்ட் போகிறது. குண்டும் குழியுமான தோட்ட வீதியில் குலுங்கிக் குலுங்கி அந்த நட்டுகள் தளரும், முள் துள்ளும். இறுக்கினால் சரி. செப்புக் கோடு வெடித்திருந்தால் மெல்லிய வயரால் பாலம் போடலாம். ரெகுலேட்டர் போயிருந்தால் மூன்று கால் ஐசி ஒன்றை வைத்து நல்ல எலக்ட்ரிசியன் சரி செய்துவிடுவார். வண்டிக்கு வேண்டிய வோல்ட் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சிகாவத்தையில் பழைய போர்டு வாங்கிவருவது பார்க்க இலகுவாகத் தெரியும். வருவதும் உங்கள் வண்டியின் வயதுடைய போர்டுதான், அதன் நட்டுகளும் அதே அளவுக்குக் குலுங்கியவைதான். அதோடு கிலோமீட்டர் கணக்கும் மாறிவிடும். நாளைக்கு வண்டியை விற்கும்போது அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மீட்டருக்குள்ளேயே சுருள் கருகியிருந்தால் மட்டும், போர்டு முழுவதுமாக அன்றி அந்த ஒரு மீட்டரை மட்டும் எடுத்து மாற்றப் பாருங்கள்.

தனி மீட்டர்

தினம் ஏற்றம் ஏறும் வண்டிக்கு என் வாக்கு இதற்குத்தான். பழைய மீட்டர் சரியாக வேலை செய்தாலும்கூட. வண்டியோடு வந்த மீட்டரில் இலக்கம் கிடையாது, நடுவில் நிற்கும் முள் 75ஆ 98ஆ என்று யாருக்கும் தெரியாது. தனி மீட்டரில் பாகைக் கணக்கு எழுதியிருக்கும். கம்பளையிலிருந்து புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏறும்போது 86, 90, 94 என்று கண்ணுக்கு முன்னால் ஏறுவது தெரிந்தால், லொறிக்காரர் கொதிக்கும் முன்பே கியரை இறக்கி வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

இதில் இரண்டு ரகம். ஒன்று, மெல்லிய செப்புக் குழாயின் நுனியில் திரவம் நிரம்பிய குமிழோடு வருவது. கரண்ட் வேண்டாம், பியூஸ் வேண்டாம், எர்த் கோளாறு அண்டாது. பழைய டிராக்டர்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது, மடிந்தாலோ தகரத்தில் உரசி ஓட்டை விழுந்தாலோ மீட்டர் முடிந்தது. எஞ்சினும் டிரைவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வேனுக்கும் டிராக்டருக்கும் இது பொருந்தும். கெபினைக் கவிழ்த்து எஞ்சின் வேலை செய்யும் லொறிக்கு நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் குழாய் இழுபடும்.

மற்றது மின் மீட்டர், தனிச் சென்சரோடு. லொறிக்கு இது. சென்சரை எங்கே பூட்டுவது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பலரும் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் அலுமினிய இணைப்பை வைத்து அதில் சென்சரைப் பூட்டிவிடுகிறார்கள். வேலை இலகு. ஆனால் பெரும்பாலான எஞ்சின்களில் மேல் ஹோஸ் தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் குமுறும், மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், புது மீட்டர் 50 காட்டும். எந்த ஆபத்துக்காக வாங்கினோமோ அதே ஆபத்தில் அது பொய் சொல்லும். எஞ்சின் பிளொக்கிலோ ஹெட்டிலோ தண்ணீர் ஓடும் இடத்தில் அடைப்புத் திருகி ஏதாவது இருந்தால் அங்கே பூட்டச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் ஹோஸில்தான் என்றால், பழைய மீட்டரையும் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்கும். ஹோஸின் நடுவே நிற்கும் இணைப்புக்கு இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் எர்த் கிடையாது. தனி எர்த் வயர் இழுக்காவிட்டால் முள் எழும்பாது.

யாருக்கு எது

டவுனுக்குள் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனுக்குத் தனி மீட்டர் தேவையில்லை. எர்த், வயர், வேண்டுமானால் சரியான சென்சர், நல்ல ரேடியேட்டர் மூடி. போதும். சேமித்த காசில் நல்ல ஹோஸ் வாங்கிப் போடலாம்.

மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ இரவில் இறங்கி, வெறுமையாகவோ உரமூட்டையோடோ திரும்பி ஏறும் லொறிக்கு இலக்கம் போட்ட மின் மீட்டர். எஞ்சின் உடம்பில் சென்சர். குறிப்பிட்ட சூடு தாண்டினால் கத்தும் பஸர் உள்ள ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. அவிசாவளைப் பாதையில் கினிகத்தேனை ஏற்றத்தில் இரவு இரண்டு மணிக்கு டிரைவரின் கண் வீதியில் இருக்க வேண்டும், மீட்டரில் இல்லை. கொழுந்து லொறிக்கும் இதேதான், அது மெதுவாக ஏறுவதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு.

பழைய லேண்ட் ரோவரை ஆசைக்கு வைத்திருப்பவர் என்றால் அவர் எப்படியும் அசல் மீட்டரைத்தான் உயிர்ப்பிப்பார், டாஷ்போர்ட்டில் துளை போட விடமாட்டார். அவருக்கு முதல் இடம் ரெகுலேட்டர். அந்தச் சின்னத் தகரப் பெட்டி ஒன்றே இரண்டு மீட்டரையும் ஆட்டிவைக்கும்.

இன்று இரவே போக வேண்டும், மீட்டர் செத்துக் கிடக்கிறது, கராஜ் மூடிவிட்டது என்றால்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து தண்ணீர் வாய் வரை இருக்கிறதா என்று பாருங்கள், ஹோஸ்களை அமத்திப் பாருங்கள், ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். ஒரு கேன் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள். இறக்கம் சிக்கலில்லை. ஏற்றத்தில் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே மேல் ஹோஸையும் ரேடியேட்டரின் அடி ஹோஸையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே கொதி, அடியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றால் தண்ணீர் ஓடுகிறது, போகலாம். மேலே கொதி, அடியில் பச்சைத் தண்ணீர்க் குளிர் என்றால் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. ஏற்றம் ஏறி வந்தும் மேல் ஹோஸே சூடேறாமல், எஞ்சின் உடம்பு மட்டும் தகிக்கிறது என்றாலும் அதேதான். விடியும் வரை அங்கேயே நிறுத்திவிடுங்கள், சூடாக இருக்கும்போது மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.